கறுப்புச் சோளன்

பாண் வாங்குவதற்காக விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வரிசையில் போய் நின்ற தலைமுறை நாம். உங்களில் பலருக்கு அது மறந்திருக்காது. கோதுமை மா இல்லை. அரிசியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். சீலைத் துணி கிடைத்தால் அதைப் பெருநாள் என்று நினைத்தோம். பேரப்பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொன்னால், “நாங்க கேஸ் சிலிண்டருக்கு நிண்ட மாதிரியா?” என்று கேட்கிறார்கள். ஓரளவுக்கு அப்படித்தான். ஆனால் நான் எழுத வந்தது பசியைப் பற்றி அல்ல. ஒன்பது வயதில் ஒரு மாரி காலம் முழுவதும் நான் காடு வெட்டிப் பயிர் செய்யும் சேனையில் இருந்தேன். அங்கே ஒரு பொய் சொன்னேன். இரண்டே சொல். அதை யாரிடம் ஒப்புக்கொள்ள வேண்டுமோ அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். போன வருடம் என் கூடப்பிறந்த மூத்தவள் ராத்தாவும் மௌத்தான பிறகு, அந்தச் சேனையில் எங்கள் வீட்டிலிருந்து கால்பதித்தவர்களில் நான் மட்டும்தான் மிச்சம்.

வாப்பா மருதமுனையில் நெசவு செய்தவர். இரண்டு தறி வைத்திருந்தார். சாயம் போடுவதில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. நூல் வரவு நின்றதும் தறி இரண்டும் வாய்மூடிக் கிடந்தன. அந்த நேரம் பார்த்து ராத்தாவுக்கு ஓர் இடம் பேசி வைத்திருந்தார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். எங்கள் வளவில் ராத்தாவின் வீடு சுவர் மட்டும் எழும்பி, கூரை இல்லாமல் நின்றது. மழைக்குச் சுவர் பாசி பிடித்தது. உம்மா அந்தப் பக்கம் பார்க்காமலே கிணற்றடிக்குப் போய்வருவா.

அப்போதுதான் அக்கரைப்பற்று விதை முதலாளி ஒருவர் வாப்பாவுக்கு வழி சொன்னார். அரசாங்கமே எல்லோரையும் சோளன் போடு, மரவள்ளி போடு என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். முதலாளியிடம் நல்ல வெள்ளைச் சோளன் விதை இருந்தது. அதைப் போட்டு, அப்படியே வெள்ளையாக விளைவித்துக் கொடுத்தால் விதைக்கென்று நல்ல விலைக்கு எடுப்பதாகச் சொன்னார். ஒரு நிபந்தனை: வேறு நிறம் கலக்கக்கூடாது. கலந்தால் அது கோழித் தீன்தான்.

வாப்பாவுக்கு மண்ணைப் பற்றி எதுவும் தெரியாது. அதனால் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். நான் அவரை மாமா என்றும் அவர் மனைவியை மாமி என்றும் கூப்பிடுவேன். மாமா வாப்பாவை அண்ணன் முறையில் “காக்கா” என்பார், வாப்பா அவரைத் “தம்பி” என்பார். விதை பொறுக்குவதில் மாமா பெரிய கைகாரர். நிலபுலம் உள்ள போடியார்மார் வயல் விதைப்புக்கு வண்டில் அனுப்பி அவரைக் கூட்டிப்போவார்கள். அவர் பிடித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன நெல்லைத்தான் ஊற வைப்பார்கள்.

எங்கள் சேனை மேற்கே காடு வெட்டி எரித்த மேட்டு நிலம். சாம்பல் மணம் மழை பெய்தும் போகவில்லை. இரண்டு குடில்கள் போட்டோம், எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. அந்தத் தவணை நான் பள்ளிக்கூடம் போகவில்லை. கிளி விரட்டுவது ராத்தாவுக்கும் எனக்கும் வேலை. வெறும் பால்மாத் தகரப் பேணியில் கம்பால் தட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடுவோம். வாப்பா தொழுவதற்கென்று மாமா ஓரிடத்தில் வேர் கல் எல்லாம் பொறுக்கி, மண்ணை அடித்துச் சமப்படுத்தி வைத்திருந்தார். வாப்பா தொழுகைக்கு நின்றால், எங்கள் பேணிச் சத்தத்தை மாமா கையைக் காட்டி நிறுத்துவார். அந்த நேரத்தில் கிளி தின்றால் தின்னட்டும்.

விதை நாளன்று முதலாளி தந்த சோளன் கதிர்களை, நம் பேச்சில் பொத்திகளை, மாமா ஒவ்வொன்றாக உடைத்தார். நுனியில் உள்ள சின்ன மணிகளையும் அடியில் உள்ள கோணல் மணிகளையும் உதிர்த்து ஒதுக்கிவிட்டு, நடுவில் உள்ளவற்றை மட்டும் பெட்டியில் போட்டார்.

“ஏன் மாமா இத வீசுறீங்க?” என்றேன்.

“வீசல்ல மகள். அது சட்டிக்கு. இதுதான் மண்ணுக்கு.”

சட்டி விஷயத்தில் உம்மாவுக்குச் சோளனோடு பெரிய சண்டை. அரிசி மாவுக்குப் பழகிய கை அது. சோளன் மாவைப் பச்சைத் தண்ணீரில் குழைத்துத் தட்டுவா, ஓட்டில் போட்டதும் வெடித்து நாலாகும். “இது மாவா மணலா” என்று ஏசுவா. கோதுமையில் உள்ள பசை சோளனில் இல்லை என்பது பிற்காலத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டது. மாமி படிக்காமலே தெரிந்து வைத்திருந்தா. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை மாவில் ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறி, மூடி வைத்து, கை பொறுக்கும் சூடு வந்ததும் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்தா. அந்த ரொட்டி மடித்தாலும் உடையவில்லை. உம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நாளும் எங்க கிடந்தீங்க நீங்க?” என்றா. மாமி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

உடைத்த சோளனைச் சோறாக்குவோம். பால் பருவத்திலேயே முறித்த இளம் பொத்தியை உப்புப் போட்டு அவிப்போம். மழை விட்ட நேரங்களில் தணலில் சுடுவோம். பொத்தி நுனியின் நூல்தாடி பொசுங்கும் மணம், பிறகு தோல் கருகும் மணம், பிறகுதான் அந்த இனிப்பு மணம் வரும். நம் ஊரில் இறுங்கு என்று சொல்லும் தானியத்தைத்தான் இந்தியாவில் சோளம் என்கிறார்கள். நாம் சோளன் என்று தின்பது அவர்களின் மக்காச்சோளம்; அது கடல் கடந்து, பறங்கியர் காலத்தில் வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் பழைய தானியத்தின் பெயரைத் தான் எடுத்துக்கொண்டது. நெல்லும் குரக்கனும் தானாகக் கொட்டி முளைக்கும். சோளன் பொத்தியைச் சும்மா விட்டால் உறைக்குள்ளேயே நெருங்கிக் கிடந்து வீணாகும். மனிதன் உரித்துப் பிரித்து மண்ணில் போட்டால்தான் அதற்கு அடுத்த வருடம் உண்டு. ஆசிரியையாக இருந்த காலம் முழுக்க இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். எந்த மனிதக் கை, எந்த மண்ணில் போட்டது என்பதைத்தான் சொல்லவில்லை.

விதைப்புக்கு முதல் நாள் மாமி ஒரு பொத்தியை எனக்குத் தந்தா. அவவின் தாயின் ஊர் உள்நாட்டில் எங்கோ காட்டோரம். அங்கிருந்து கொண்டுவந்த கறுப்புச் சோளன். கறுப்பு என்பது பேச்சுக்கு. வெயிலில் பிடித்தால் நாவற்பழத்தோலின் நிறம். ஒவ்வொரு மணியும் எண்ணெய் பூசினதுபோல மினுங்கியது. அவர்கள் குடிலில் இன்னும் இரண்டு மூன்று பொத்தி கட்டித் தொங்கின.

“விளையாடு புள்ள, கோத்து மாலை போடு. ஆனா இஞ்ச மண்ணுல போட்டிராத. வாப்பாட வெள்ளைச் சோளன் கெட்டுப்போகும். வேணுமெண்டா உங்கட கிணத்தடியில கொண்டு போய்ப் போடு.”

“ஓம் மாமி” என்றேன்.

கிணற்றடிக்கு எப்போது போவோம் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு அந்த நிறத்தில் செடி முளைக்கும் என்று எண்ணம். இலையும் நாவல் நிறம், பூவும் நாவல் நிறம். எங்கள் குடிலுக்குப் பின்னால், கடல் இருக்கும் கிழக்குப் பக்கத்தில் ஒரு கறையான் புற்று இருந்தது. எல்லோரும் விதைத்துக்கொண்டிருந்த அன்றே அதன் ஓரமாக விரலால் குழி குத்தி, ஏழு மணி போட்டேன். ஏழும் முளைத்தன. மற்றச் செடிகளைப் போலவே பச்சையாக வளர்ந்து என்னை ஏமாற்றின. பொத்தி வந்தபோதும் வெளியுறை எல்லாம் ஒரே பச்சை. கொஞ்ச நாளில் நான் அவற்றை மறந்தேபோனேன்.

சோளன் பூத்த நாட்களில் கடல் பக்கமிருந்து விடாமல் காற்று வீசியது. உச்சிப் பூவிலிருந்து மஞ்சள் தூள் பறந்து எங்கள் தலையிலும் குடத்துத் தண்ணீரிலும் படிந்தது. பொத்திகள் தாடி விட்டிருந்தன. உம்மா ஒரு தாடியை விரலில் சுற்றிப் பார்த்து, “உலகத்துல நூல் இல்லையாம். இஞ்ச பாருங்க, ஒவ்வொரு பொத்தியிலும் ஒரு கட்டு நூல்” என்றா. வாப்பா அந்த ஒரு தடவைதான் அங்கே வாய்விட்டுச் சிரித்தார்.

அறுவடைக்கு முதலாளி தானே வந்தார். வாப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். எங்கள் குடிலுக்குக் கிட்ட நின்ற செடியில் ஒரு பொத்தியை முறித்து, முதலாளி உறையை இழுத்தார். வெள்ளை மணிகளுக்கு நடுவே அங்கங்கே கறுப்பு. இன்னொன்றை முறித்தார். அதிலும் கறுப்பு. உள்ளே போகப் போகக் குறைந்தது. ஆனாலும் எந்த வரிசையிலும் அங்கொன்று இங்கொன்றாகக் கிடந்தது. முதலாளி எதுவும் ஏசவில்லை. கையிலிருந்த பொத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

வாப்பா மாமாவைப் பார்த்தார். “தம்பி, இது என்ன?”

மாமாவின் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. “காக்கா, இது காத்து செய்த வேலை. கிட்டத்தில எங்கேயோ கறுப்புச் சோளன் பூத்திரிக்கு. அந்தத் தூள் பறந்து வந்து விழுந்திரிக்கு.”

“காத்தா? காத்து வந்து, உறைக்குள்ள பூந்து, மணிக்குச் சாயம் போட்டுட்டுப் போகுமா? நான் சாயம் போடுற மனிசன். எனக்குச் சாயத்தைப் படிப்பிக்காத.”

“சத்தியமா நீங்க தந்த விதையைத்தான் போட்டன். உங்கட கண்ணுக்கு முன்னாலதானே போட்டன்.”

வாப்பா மாமாவின் குடிலுக்கு நடந்தார். அங்கே கட்டித் தொங்கிய கறுப்புப் பொத்திகளை அறுத்துக்கொண்டு வந்து, முதலாளிக்கு முன்னால் போட்டார். “அப்ப இது என்ன? முதலாளிட விதையை உங்கட ஊருக்கு அனுப்பிட்டு, உன்ட விதையை என்ட சேனையில கலந்து போட்டிரிக்காய். உன்ன என்ட கூடப்பிறந்தவன் எண்டு நினைச்சன்டா.”

மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தா. மாமா அவவின் கையைப் பிடித்தார். நான் உம்மாவின் சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஏழு செடி இவ்வளவு பெரிய சேனையை என்ன செய்துவிடும் என்று ஒரு மனம் சொன்னது. மாமி சொன்னது இதுதான் என்று இன்னொரு மனம் சொன்னது.

பின்னேரம், அஸர் நேரம், சேனைக்குக் கீழே இருந்த குளத்தடியில் நான் தனியாக இருந்தபோது மாமா வந்து பக்கத்தில் குந்தினார். தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்.

“மகள், மாமி தந்த பொத்தியில ஏதும் மணியை மண்ணுல போட்டியா?”

“இல்ல மாமா.”

என் முகத்தை ஒருமுறை பார்த்தார். “சரி மகள்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் புற்றடிக்கு ஓடினேன். ஏழு செடியிலும் இருந்த பொத்திகளை முறித்துச் சட்டைக்குள் கட்டிக்கொண்டுவந்து குளத்தில் வீசினேன். காய்ந்த சோளன் தாழவில்லை. உறையோடு மிதந்தது. ஒரு கம்பை எடுத்து, அழுதழுது, ஒவ்வொன்றாகத் தாமரை இலைக்குக் கீழே தள்ளினேன். ஒன்பது வயதுப் பிள்ளை தெரியாமல் பொய் சொல்லியிருக்கும் என்று என்னைத் தேற்றுவதற்கு யாராவது வந்தால், அந்தக் கம்பைத்தான் நினைத்துக்கொள்வேன். தெரியாமல் செய்கிற பிள்ளை கம்பெடுக்காது.

சில நாள் கழித்து அவர்கள் வண்டில் கட்டிப் போனார்கள். மாமா தன் பங்கென்று ஒரு மூட்டைகூடத் தொடவில்லை. உம்மா குடிலை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே இருந்து அழுதா. “எனக்கு ரொட்டி சுடக் காட்டித் தந்தவ” என்று மட்டும் சொன்னா. சோளன் முழுவதும் கோழித் தீனுக்குப் போனது. ராத்தாவின் வீட்டுக்கு அந்த வருடமும் கூரை ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருடம் பொறுத்துவிட்டு வேறு இடம் பார்த்தார்கள். ராத்தா பின்னால் நன்றாகத்தான் வாழ்ந்தா. ஆனால் அன்று முதல் சோளன் தின்றதில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

நான் படித்து, விஞ்ஞான ஆசிரியையாக வந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே மகரந்தச் சேர்க்கை பாடம் வந்தது. ஒரு சோளன் பொத்தியைக் கொண்டுபோய் மேசையில் உரித்துக் காட்டினேன். இந்தத் தாடியில் உள்ள ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு மணிக்குப் போகிறது. காற்றில் வருகிற தூளில் ஒரு துளி நூலின் நுனியில் விழுந்தால்தான் அந்த மணி உண்டாகும். விழாத நூலுக்கு அந்த இடம் பொக்கை. வேறு நிறச் செடியின் தூள் விழுந்தால் அந்த ஒரு மணி மட்டும் அந்த நிறத்தில் வரும் என்று சொல்லிக்கொண்டே போனேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்:

“அப்ப டீச்சர், ஒரு பொத்திக்கு ஒரு உம்மாவும் நூறு வாப்பாவுமா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன், மணி அடிக்கும்வரை திரும்பவில்லை. மாமா அன்று சொன்னதை, அதே ஒழுங்கில், புத்தகத் தமிழில் நான் சொல்லி முடித்திருந்தேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் வாப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். வாப்பா அப்போது நல்ல சுகமாக இருந்தார். தறியும் ஓடிக்கொண்டிருந்தது. தொழுகைக்கு வுளூச் செய்துவிட்டு வந்தவரிடம், “வாப்பா, அந்தச் சேனைச் சோளன்...” என்று தொடங்கினேன்.

“அந்தக் கள்ளன்ட கதையை என்ட ஊட்டுக்குள்ள எடுக்காத மகள்” என்றார். குரல் உயரவில்லை. ஆனால் உதடு நடுங்கியது. அவ்வளவு வருடத்துக்குப் பிறகும் நடுங்கியது. கோபமென்றே அன்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால், நம்பிய ஒருவரை இழந்தவரின் உதடு அது. நான் இன்னொரு வசனம் பேசியிருந்தால் அவருக்கு அந்தத் தம்பி திரும்பக் கிடைத்திருப்பார். பேசவில்லை. நாளைக்கு, பெருநாளைக்கு, கலியாணம் முடியட்டும் என்று தள்ளினேன். பிறகு நம் பகுதியில் என்ன நடந்ததென்று நான் எழுதத் தேவையில்லை. ஒரே பிரதான வீதியில் இருக்கும் தமிழ், முஸ்லிம் ஊர்கள் ஒன்றையொன்று எட்டிப்பார்க்கப் பயந்த வருடங்கள். அதையும் ஒரு சாட்டாக வைத்துக்கொண்டேன். வாப்பா மௌத்தாகும்வரை மாமாவைக் கள்ளன் என்றே நம்பியிருந்தார்.

மாமாவைப் பற்றி அங்குமிங்குமாகக் கேள்விப்பட்டேன். முதலாளி வாய்வழியாகக் கதை பரவி, விதைப்புக்கு யாரும் அவருக்கு வண்டில் அனுப்பவில்லை. மண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர், பாண்டிருப்புக் கடற்கரையில் கரைவலை இழுக்கக் கூலிக்குப் போயிருக்கிறார்.

ராத்தாவின் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த கிழமை, ஒரு காலை நேரம் நான் பாண்டிருப்புக்குப் போனேன். கல்முனைச் சந்தையிலிருந்து நடக்கக்கூடிய தூரம். அந்தத் தூரத்தை நடக்க எனக்கு ஐம்பது வருடம் போயிருக்கிறது. கோயில் பக்கத்தில் விசாரித்ததும் ஒரு பையன் வீட்டைக் காட்டினான். மாமி முற்றத்தில் கதிரையில் இருந்தா. கண் மங்கல், காது நன்றாகக் கேட்டது. நான் யாரென்று சொன்னதும் என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தா.

“காக்காட சின்ன மகளா? டீச்சர் எல்லோ? இரி புள்ள.”

மாமா போய் எட்டு வருடமாகியிருந்தது. சுவரில் படமாக இருந்தார். பேத்தி கொண்டுவந்த தேநீரை நான் தொடவில்லை. ஆறவிட்டால் சொல்ல முடியாது என்று பயந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு விதை, புற்று, குளத்தடி, கம்பு.

மாமி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டா. பிறகு, “எங்களுக்குத் தெரியும் புள்ள” என்றா.

மாமியே மிச்சத்தையும் சொன்னா.

“நாந்தானே உனக்குப் பொத்தி தந்தன். வேற ஆர் போடுற? அண்டைக்கே சொல்லுவமெண்டு வாயெடுத்தன், அவர்தான் விடல்ல. ‘காக்கா கோவத்தில இரிக்கார், புள்ளையை அடிச்சுப் போடுவார். அது தானாச் சொல்லட்டும்’ எண்டார். குளத்தடியில உன்னக் கேட்டுட்டு வந்து, ‘இண்டைக்குப் பயந்திட்டுது, நாளைக்குச் சொல்லும்’ எண்டார். மறுகா நாளைக்கும் அதைத்தான் சொன்னார். மூண்டு நாள் பாத்தவர். நாலாம் நாள்தான் வண்டில் பூட்டினம்.”

அந்த மூன்று நாளும் நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். பேணி தட்டியிருப்பேன். மாமாவைக் கண்டால் உம்மாவிடம் ஓடியிருப்பேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது எனக்குத் தெரியாது.

“மாமி,” என்றேன், “அல்லாஹ்வுக்குச் செஞ்ச பிழையை அல்லாஹ் மன்னிப்பான். மனிசருக்குச் செஞ்சத அந்த மனிசர்தான் மன்னிக்கணும் எண்டுதான் எங்களுக்கு ஓதித் தந்தாங்க. அவர் இல்ல. நீங்க ரெண்டு பேருக்குமாச் சேத்து என்ன மன்னிக்கணும்.”

மாமி என் கையை விடவில்லை. மங்கிய கண்ணால் என் முகம் இருக்கும் திசையைப் பார்த்தா. அவவின் குரலில் கோபம் துளியும் இல்லை.

“என்ட பங்கை நான் எப்பவோ மன்னிச்சிட்டன் புள்ள. அவர்ர பங்கை நான் எப்பிடித் தாற?”